வண்டி அலர்மேல்மங்கை பேரில்

பத்து நிமிடம் என்று காட்டிய எண்கள் கணினித் திரையில் ஒவ்வொரு நொடியாக இறங்கத் தொடங்கின. நாணு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அலமேலு, உன் போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும். படி பார்க்கலாம்."

கத்தரிக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

"அலமேலு!"

"வந்திருக்கு," என்றாள் அவள் உள்ளிருந்தபடியே. "சொல்ல மாட்டேன்."

இது ஏழாவது தடவை. நாணு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எண்கள் இறங்கி இறங்கிப் பூஜ்யமாவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வது? அறுபத்தாறு வயதில் பெண்டாட்டியின் கையிலிருந்து போனைப் பிடுங்கவா முடியும்?

விஷயம் இதுதான். புது வண்டியில் கம்பெனியின் கோளாறு ஏதாவது இருந்தால், வண்டிக்குச் சொந்தக்காரர் மத்திய அரசுக்கு நேரடியாகப் புகார் கொடுக்கலாம். அதற்கென்று இணையதளம் இருக்கிறது. ஒரே மாடலுக்குப் போதுமான புகார்கள் சேர்ந்தால், விற்ற வண்டிகளையெல்லாம் திருப்பி வரவழைத்துச் சரிசெய்து கொடு என்று அரசாங்கம் கம்பெனிக்குச் சொல்லும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் சொந்தக்காரர் மட்டும்தான் புகார் கொடுக்க முடியும். அவருடைய போனுக்கு வருகிற ரகசிய எண்ணைப் போட்டால்தான் புகார் பதிவாகும். நாணுவின் மகன் ஷ்ரேயாஸ் ஓட்டிய அந்த மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரர் யார் என்றால், திருமதி அலர்மேல்மங்கை, வயது அறுபத்தொன்று. சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நாணு தன் பேரில் வாங்கிய மொபெட் இருபதாம் நாள் திருடுபோயிற்று. அடுத்ததை அலமேலு பேரில் வாங்கினார். அது பதினெட்டு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓடியது. அவ்வளவுதான், அன்றிலிருந்து இந்த வீட்டில் சக்கரம் உள்ள எதுவானாலும் அலமேலு பேரில்தான். குழந்தை ஷ்ரேயாஸின் நடைவண்டிக்குப் பதிவுப் புத்தகம் கொடுத்திருந்தால் அதிலும் அவள் பேர்தான் இருந்திருக்கும்.

அந்த அதிர்ஷ்டத்தின் மேல் நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மண் விழுந்தது. வைட்ஃபீல்டில் ஆபீஸ் பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்த ஷ்ரேயாஸ், இடப்பக்கம் ஒடித்துத் திரும்பினான். வண்டி உறுமிக்கொண்டு எகிறி, மெட்ரோ தூணைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுச் சுவரில் போய் மோதியது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது முழங்கால்தான் நொறுங்கிப்போயிற்று. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். நடை பழையபடி வருமா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.

"நான் முறுக்கவே இல்லப்பா," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொன்னான் ஷ்ரேயாஸ். "ஹேண்டிலை இடது பக்கம் முழுசாத் திருப்பினேன், அதுவா எகிறிடுத்து. பத்து நாளாவே பார்க்கிங்குல திருப்பறச்சே உறுமிண்டுதான் இருந்தது. சர்வீசுல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

வண்டியைத் திரும்ப எடுக்கச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றதால், டிசம்பர் முதல் வாரம் நாணு அலமேலுவையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே ஸ்னேஹா என்று ஒரு பெண், கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அலமேலு கையெழுத்துப் போட்டதும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு சிவப்புக் கயிறு. ஆயுத பூஜை அன்று தொம்மலூர் ஆஞ்சநேயர் கோயிலில் வாங்கி, வலது கைப்பிடி ஓரமாக அலமேலுவே மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிய கயிறு.

"ஆன்ட்டி, ஆக்சிலரேட்டர் பக்கத்துல இந்த மாதிரி கயிறெல்லாம் கட்டாதீங்க," என்றாள் ஸ்னேஹா. "கேபிள் சிக்கிக்கும். சும்மா எதுக்கு ரிஸ்க்?"

அந்தப் பெண் நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். இரண்டு மாதம் ஒரு மனுஷி தூக்கம் இழக்கப்போகிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டிலும் அது ஒரு வரியாக ஏறியிருந்தது: கைப்பிடி அருகே வெளிப்பொருள், கயிறு.

நாணு அப்போது வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிலரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிள் புதிதாக இருந்தது. வாங்கிய நாளில் அது ஹேண்டிலோடு ஒட்டி விறைப்பாக இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். இது நாலு விரற்கடை கூடுதலாக, தளர்வாகத் தொங்கியது. "பழைய கேபிள் எங்கேம்மா?" என்று கேட்டார்.

"ஸ்கிராப் போயிடுச்சு சார். இது இம்ப்ரூவ்டு பார்ட்."

சரியாக இருந்ததை எதற்கு இம்ப்ரூவ் பண்ணினார்கள்? நாணுவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கேபிள் குட்டை. ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் கேபிள் இழுபடும், கை முறுக்காமலே வண்டி பாயும். சந்தோஷமாக இதைச் சொல்லலாம் என்று திரும்பினால், அலமேலு அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காரியம் கெட்டது அந்த இடத்தில்தான்.

வீட்டுக்கு வந்தவள் தன் மணிக்கட்டிலிருந்த கயிற்றை அறுத்தாள். நாணு கையில் இருந்ததை அறுத்தாள். பீரோ சாவியில் இருந்ததைக் கூட விடவில்லை. கோயிலுக்குப் போவது நின்றது. மகனுக்கு வேளாவேளைக்குச் சாதம் போட்டாள், மருந்து கொடுத்தாள், காலுக்குத் தலையணை வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். "அம்மா, உன்னால இல்லம்மா," என்று அவன் நூறு தடவை சொல்லியிருப்பான். சுவரைப் பார்த்து, "சரிடா, சாப்பிடு" என்பாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால், இவளும் விழித்துக்கொண்டு படுத்திருப்பதை நாணு பார்ப்பார். என்னத்தைச் சொல்ல!

கம்பெனி நாசமாய்ப் போகட்டும், நஷ்ட ஈடு மண்ணாங்கட்டி எதுவும் அவருக்கு வேண்டாம். தப்பு கேபிளில்தான் என்று அரசாங்கத்து முத்திரையோடு ஒரு காகிதம் வந்தால் போதும். அதை அலமேலுவின் கையில் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் புகார். அவளோ எண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"நானே பண்ணிட்டு, இன்னொருத்தன் மேல பழி போடச் சொல்றேளா?"

"மூணு விரல் நீளக் கயிறுடீ அது! அது என்னத்தை இழுக்கும்?"

"அப்போ ஃபாரத்துல அதை எழுதுங்கோளேன். ஏன் எழுத மாட்டேங்கறேள்?"

இங்கேதான் நாணு மாட்டிக்கொள்வார். புகார்ப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: சொந்தக்காரர் வண்டியில் கூடுதலாக எதையாவது பொருத்தினாரா, கட்டினாரா? நாணு ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றுதான் போட்டார். காரணம் இருக்கிறது. முப்பத்துநாலு வருடம் மாநில அரசின் ஒரு இலாகாவில் மனுக்களோடு குப்பை கொட்டி, சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்றவர் அவர். ஒரு மனுவை எப்படி மூடுவது என்று அவருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. மனு போட்டவன் வாயாலேயே ஒப்புக்கொண்ட ஒரு வரி கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஃபைலைக் கட்டிவிடலாம். மாலூரிலிருந்து நாராயணசாமி என்று ஒரு விவசாயி, அரசாங்கம் கட்டிய தொட்டிச் சுவர் இடிந்து மாடு செத்துப்போனதாக எழுதியிருந்தார். பாவம், வெள்ளந்தி மனுஷன், சுவரின் வளையத்தில்தான் மாட்டைக் கட்டியிருந்தேன் என்றும் சேர்த்து எழுதிவிட்டார். "மனுதாரர் சுவரில் மாடு கட்டியதாகத் தாமே கூறியிருப்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை." அந்த வரியை எழுதியது நாணுதான். அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டும் இருப்பார்.

கயிறு என்று எழுதினால் டெல்லியில் ஒரு நாணு உட்கார்ந்திருப்பான் என்று அவருக்குத் தெரியும். "கயிறு பத்தி ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்," என்றார்.

"மறைக்கறேள் பாருங்கோ," என்றாள் அலமேலு. அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "அப்போ உங்களுக்கே சந்தேகம்தான்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பழகின கை, "இல்லை"யை மாற்ற வரவில்லை.

ஷ்ரேயாஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றான். "விட்டுடுங்கோப்பா. என் கால் சரியானா போதும். கவர்மெண்டாவது, கம்ப்ளெயிண்டாவது."

"உன் காலுக்கு இல்லடா இது," என்று சொல்லிவிட்டு நாணு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றிலிருந்து ஒன்பது சாயங்காலம் அவர் இந்திராநகர் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு சக்கர வண்டிகள் நிறுத்துமிடத்தில் போய் நின்றார். அதே மாடல் வண்டி வெளியே வந்தால் மறித்து, "தம்பி, ஒரு நிமிஷம். எஞ்சினை ஆஃப் பண்ணாம ஹேண்டிலை இடது பக்கம் முழுசாத் திருப்பிக் காட்டறேளா?" என்று கேட்டார். பாதிப் பேர் நிற்கவே இல்லை. ஒருவன் அவரை இன்ஷூரன்ஸ்காரர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். கன்னடத்தில் ஒருவன், "தாத்தா, வீட்டுக்குப் போங்க, லேட் ஆயித்து" என்று அன்பாகவே சொன்னான். திருப்பிக் காட்டிய மூன்று பேரின் வண்டிகளும் பசுமாடு மாதிரி சாதுவாக நின்றன. புதிய கேபிள் போட்டு விற்றவையோ என்னவோ. கால் வலி உயிரை வாங்கியது. பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

பத்தாவது நாள் ஒருவன் நின்றான். இருபத்தாறு வயதிருக்கும். ரத்தப் பரிசோதனைக்கு வீடு வீடாகப் போய் மாதிரி எடுக்கிற வேலை, தோளில் குளிர்ப்பெட்டி தொங்கியது. பேர் ஃபிராங்க்ளின், ஆனேக்கல்காரன். நாணு கேட்டு முடிப்பதற்குள், "லெஃப்ட்ல திருப்புனா எகிறும், அதானே அங்கிள்?" என்றான். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினான். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் ஹோ என்று அலறியது. நாணு எட்டிப் பார்த்தார். கைப்பிடியில் கயிறு இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, ஒரு ஸ்டிக்கர் கூட இல்லை.

"ஜூன்ல ஒருவாட்டி விழுந்துட்டேன் அங்கிள். தோள்பட்டை இறங்கிடுச்சு. இப்ப கிளட்ச்ச புடிச்சிட்டே திருப்புவேன். பழகிடுச்சு."

"பழகிடுத்தா!" நாணுவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நீ எங்காத்துக்கு வரணும்பா. பக்கத்துல தொம்மலூர்தான். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

கால் மணி நேரத்தில் வண்டி அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்றது. அலமேலுவை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார் நாணு. ஃபிராங்க்ளின் ஹேண்டிலைத் திருப்பினான். எஞ்சின் அலறியது. நேராக்கினான், அடங்கியது. மறுபடி திருப்பினான். அலமேலு கிட்டே போய், வலது கைப்பிடியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "மேல வா, காபி குடிச்சுட்டுப் போ," என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

நாணு இடிந்துபோனார். கண்ணால் பார்த்தும் அவள் மனசு மசியவில்லையே! சரி, இவன் புகாரையாவது பதிவு செய்வோம் என்று மேலே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். வண்டி நம்பரைப் போட்டார். சொந்தக்காரர் கட்டத்தில் ஒரு பெண் பேர் வந்தது. "எங்காத்துலயும் ஆத்துக்காரி பேர்லதான், ராசி," என்றார்.

"அம்மா பேர்லதான் அங்கிள் எடுத்தோம்," என்றான் ஃபிராங்க்ளின். "ராசின்னு சொல்லமாட்டோம், ஆனா எங்க வீட்லயும் அப்படித்தான்." அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். "அம்மா, உனக்கு ஒரு நம்பர் வரும், அதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. வண்டிக்குக் கம்ப்ளெயிண்ட் போடுறோம்."

"யார் மேல கம்ப்ளெயிண்ட்டு?" என்றது அந்தக் குரல்.

"கம்பெனி மேலம்மா. நான் விழுந்தேன்ல, அதுக்கு."

"வேணாம் ஃபிராங்க்ளினு. அவங்க என்ன பண்ணாங்க? டெய்லியும் தலைல கை வச்சு ஜெபம் பண்ணித்தான உன்ன அனுப்புவேன்? அன்னிக்கு அடுப்புல பால் பொங்குதுன்னு அப்படியே அனுப்பிட்டேன். தப்பு என்னோடது. ஏழு மாசமா ஆண்டவர்கிட்ட அதத்தான் கேட்டுட்டு இருக்கேன். ஊரான் மேல பழி போடக்கூடாதுடா."

ஃபிராங்க்ளின் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். "எப்பவும் இதேதான் அங்கிள். எவ்ளோ சொன்னாலும் கேக்காது. அழுவும்."

காபி டம்ளரோடு வந்த அலமேலு அப்படியே நின்றாள். டம்ளரை மேசைமேல் வைத்தாள். "இங்கே குடு," என்று போனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"அம்மா, நமஸ்காரம். நான் தொம்மலூர்லேர்ந்து பேசறேன். என் பிள்ளைக்கும் இதே வண்டிதான். அவனும் விழுந்துட்டான், முழங்கால் போயிடுத்து."

"ஐயோ, கர்த்தாவே!"

"கேளுங்கோ. நீங்க அன்னிக்கு ஜெபம் பண்ணாம அனுப்பினேள். நான் கோவில்ல வாங்கிக் கயிறே கட்டி அனுப்பினேன். ரெண்டு பிள்ளையும்தான் விழுந்துது."

அலமேலு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பி குட்டைம்மா. கம்பெனிக்காரன் குட்டையாப் போட்டுத் தொலைச்சுட்டான். நான் கீழ போய் என் கண்ணால பார்த்துட்டுதான் சொல்றேன். அதுக்கு நீங்க என்ன பண்ணுவேள், சொல்லுங்கோ? பால் பொங்கினா அடுப்பை அணைக்காம என்ன பண்ணுவா ஒருத்தி? பெத்தவளுக்கு இதெல்லாமா கணக்கு?" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. இரண்டு மாதமாக இந்த வீட்டில் கேட்காத குரல். "உங்க மேல தப்பு இல்லை. கேட்டேளா? உங்க மேலயும் இல்லை, என்…"

அதற்கு மேல் வரவில்லை. உள் அறையில் ஷ்ரேயாஸின் வாக்கர் நகரும் சத்தம் கேட்டது. நாணு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், இவள் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

போனில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நம்பர் வந்துருக்குங்க," என்றார். "படிக்கட்டுமா?" ஒவ்வொரு எண்ணாக அவர் சொல்லச் சொல்ல, அலமேலு அதைத் திருப்பிச் சொன்னாள், நாணு தட்டினார். ஃபிராங்க்ளின் வண்டியின் புகார் பதிவாயிற்று. கூடுதலாகக் கட்டியது என்ற இடத்தில் "இல்லை" என்று தயங்காமல் போட்டிருந்தார். அது சத்தியமான இல்லை.

ஃபிராங்க்ளின் புறப்பட்டபோது அலமேலு வழியை மறித்தாள். "வண்டி இங்கேயே இருக்கட்டும். அந்த நீளக் கேபிளைப் போட்டுத் தரச் சொல்லி நாளைக்கு மாமா சர்வீசுல கேட்பார். நீ பஸ்ஸுல போ."

"காலைல டூட்டி இருக்கு ஆன்ட்டி."

"பஸ்ஸுல போடா," என்றாள். அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

பிறகு அவள் நாணுவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நம்மளதை எடுங்கோ."

நாணு வண்டி நம்பரைப் போட்டார். எட்டாவது தடவை, விரலே தானாகப் போட்டது. படிவம் வந்தது. அந்தக் கேள்வியும் வந்தது. அவர் கை "இல்லை"க்குப் போயிற்று.

"ஏன்னா, கயிறுன்னு எழுதுங்கோ."

"அலமேலு, அதை எழுதினா அதையே சாக்கா வெச்சு மூடிடுவாடீ. நேக்குத் தெரியும். நானே மூடியிருக்கேன்."

"அது காரணம் இல்லேன்னா எழுத என்ன பயம்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. மாலூர் நாராயணசாமியும் இப்படித்தான் எழுதியிருப்பார், நடந்ததை நடந்தபடி. நாணு "ஆம்" என்று மாற்றினார். வலது கைப்பிடியில் கோயில் கயிறு கட்டப்பட்டிருந்தது, கட்டியவர் சொந்தக்காரர் என்று எழுதினார். எழுதிவிட்டு, பழைய சூப்பிரண்டெண்ட் சும்மா இருப்பாரா, அதன் கீழேயே, கயிறு எதுவும் கட்டாத இதே மாடல் வண்டியிலும் இதே கோளாறு இருக்கிறது, புகார் எண் இது, என்று ஃபிராங்க்ளின் வண்டியின் எண்ணையும் சேர்த்தார். டெல்லிக்காரன் மூடுவதானால் மூடட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு மூடட்டும்.

அலமேலு உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தார். "சரி," என்றாள்.

பொத்தானை அழுத்தினார். பத்து நிமிடம் மறுபடி இறங்கத் தொடங்கியது. அவள் மடியில் போன் டிங் என்றது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"நாலு," என்றாள். "ஒண்ணு. ஒண்ணு. எட்டு." அதற்குள் ஷ்ரேயாஸ் வாக்கரோடு வாசற்படிக்கு வந்துவிட்டான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள், எண்ணைச் சொல்ல மறந்துபோனாள்.

நாணு அவசரப்படுத்தவில்லை. இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.